பூஜ்யத்தை நம்பாத வசிதி

ஃபிஜித் தீவின் வைராலா காவல் நிலையத்தில் வசிதியை எதிர்த்து ஜெயித்தவை இரண்டே இரண்டு. ஒன்று நிலையத்தின் தகரக் கூரை. மழை வந்தால் ஒழுகியே தீருவேன் என்று பதினாறு வருஷமாகச் சாதிக்கிறது. இன்னொன்று அவள் கணவன் ஈசோவா. அவன் வாதாடவே மாட்டான். சிரித்துவிட்டு மரவள்ளித் தோட்டத்துக்குப் போய்விடுவான். மற்றபடி சார்ஜன்ட் முதல் சந்தைக் கண்காணிப்பாளர் வரை எல்லோரும், அவள் பாதி பேசும்போதே சரி சரி என்று சொல்லப் பழகியிருந்தார்கள்.

அவள் போலீஸில் சேர்ந்ததே பேண்டு வாத்தியத்தில் ஊதுவதற்காகத்தான். ஓரம் பல் பல்லாக வெட்டிய வெள்ளை சுலு வேட்டி கட்டிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் கொம்பு ஊதிப் போக வேண்டும் என்பது இருபத்திரண்டு வயது ஆசை. தேர்வில் ஊதச் சொன்னார்கள். ஊதினாள். கேட்டுவிட்டு, வேறு என்ன தெரியும் என்றார்கள். நன்றாக எழுதுவேன் என்றாள். அன்றிலிருந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

எழுத்தில் அவள் பிடிவாதக்காரி. முன்பெல்லாம் அடிபட்ட பெண் ஒருத்தி நிலையத்துக்கு வந்தால் முன்கூடத்தில் எல்லோர் எதிரிலும் நின்றுதான் சொல்ல வேண்டும். அவள் சொல்லி முடிப்பதற்குள் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் திமிங்கலப் பல்லோடு வந்துவிடுவார்கள். தம்புவா என்கிற அந்தப் பல்லை இரு கையாலும் நீட்டி மன்னிப்புக் கேட்டால், மறுப்பது அந்த நந்த்ரோங்கா மாகாணத்துக்காரன் எவனுக்கும் முடியாத காரியம். எலுமிச்சை இலைத் தேநீர் வரும், பிஸ்கட் வரும், புகார் போய்விடும். வசிதி மூன்று வருஷம் சண்டை போட்டுப் பின்னறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பூப்போட்ட திரை வாங்கினாள். நீல அட்டைப் பதிவேடு ஒன்றும் போட்டாள். அதில் ஒரு பெண்ணின் புகாரை எழுதிவிட்டால் அதை யாரும் அடித்து நீக்க முடியாது, எழுதிய வசிதியாலும் முடியாது. சட்டம் அப்படி. அந்தச் சட்டத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தவள் நிலையத்தில் அவள் ஒருத்திதான்.

இரண்டாயிரத்து இருபது மார்ச் கடைசியில் நோய் வந்தது. விமானங்கள் நின்றன. கரையோர ஹோட்டல்கள் ஒரே வாரத்தில் அறைகளைப் பூட்டிச் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டன. சமையல்காரர், தோட்டக்காரர், கிட்டார் வாசித்தவர், படுக்கை விரித்தவள் எல்லோரும் பள்ளத்தாக்குக் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். ஹோட்டல் பஸ் ஓட்டிய ஈசோவாவும் வீடு வந்து, மறுநாளே மண்வெட்டியைத் தேடினான். ஊரடங்கு வந்தது. சந்தை மூடியது. பஸ் நின்றது.

குற்றமும் நின்றுபோனது. அல்லது நின்றுபோனது போல் இருந்தது. வெள்ளைக்காரப் பயணிகள் இல்லாததால் பை திருட்டு இல்லை. மதுக்கடை இல்லாததால் சனிக்கிழமைச் சண்டை இல்லை. ஊரடங்கு மீறியவர்கள் மட்டும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அது கான்ஸ்டபிள் ஜகேந்திராவின் துறை. ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, கரும்புக்காட்டுக் குடும்பம். எட்டுப் பேர், யங்கோனா என்கிற போதை வேரைக் கரைத்த சட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒரே சிரட்டையில் மாற்றி மாற்றிக் குடிக்கும்போது அவர் போய் நின்றார். ஜெபக் கூட்டம் என்றார்களாம். பைபிள் எங்கே என்று கேட்டாராம். எட்டுப் பேரும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்களாம்.

நீலப் பதிவேட்டில் ஜனவரியில் பதின்மூன்று பெண்கள் இருந்தார்கள். பிப்ரவரியில் பதினொன்று, மார்ச்சில் ஒன்பது, ஏப்ரலில் ஒன்று. மே மாதம் பூஜ்யம்.

சார்ஜன்ட் அமினியாசிக்குத் தலைகால் புரியவில்லை. மாவட்ட சூப்பரின்டென்டன்ட் தொலைபேசியில் கூப்பிட்டு, வைராலாவைப் பார்த்து மற்ற நிலையங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பாராட்டியிருந்தார். அதே அழைப்பில் இன்னொன்றும் சொன்னார். பாலத்துச் சோதனைச் சாவடிக்கு ஆள் பற்றவில்லை. வேலையே இல்லாத மேஜைக்கு ஒரு ஆள் எதற்கு? ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து வசிதி பாலத்துக்குப் போகட்டும், பின்னறையில் முகக்கவசப் பெட்டிகளை அடுக்கிக்கொள்ளலாம்.

சார்ஜன்ட் இதைச் சொல்லும்போது வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நல்ல மனிதர். சர்ச்சில் பாடல் எடுத்துக் கொடுப்பவர். யாரையும் நேராகப் பார்த்துக் கெட்ட செய்தி சொல்லத் தெரியாது.

வசிதி பேனாவை மூடினாள். "ஸார்ஜ், என் புருஷன் ஈசோவா ஒரு சாது. அவனே வேலை போய் ரெண்டு மாசத்துல ரேடியோவத் தூக்கிச் செவுத்துல அடிச்சான். பள்ளத்தாக்கு பூரா ஆம்பளைங்க வேலை இல்லாம வீட்டுல குந்தியிருக்காங்க. ஒரு அடிகூட விழலன்னு எழுதியிருக்கு. இத நீங்க நம்புறீங்களா?"

"நான் நம்புறது இருக்கட்டும். எழுதுனது நீதானே."

"வந்தவங்கள எழுதுனேன். வராதவங்கள எப்படி எழுதுறது?"

ஜூன் முடியும்வரை அவகாசம் கேட்டாள். பூஜ்யத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்றார் அவர். அது பூஜ்யம் இல்லை என்று காட்டப்போகிறேன், காட்டிவிட்டால் மேஜை இருக்கும், காட்டாவிட்டால் நானே பெட்டிகளை அடுக்குகிறேன் என்றாள். அவள் குரலில் எப்போதும் போலத் துளி சந்தேகம் இல்லை. சார்ஜன்ட் பாதியிலேயே சரி சரி என்றுவிட்டார்.

முதலில் தொலைபேசியை எடுத்தாள். பள்ளத்தாக்கில் பன்னிரண்டு கிராமம், பன்னிரண்டு ஊர்த்தலைவர்கள். பன்னிரண்டு பேரும் அச்சு மாறாமல் ஒரே பதில் சொன்னார்கள்: செங்கா நா லெங்கா. ஒரு பிரச்சினையும் இல்லை. ஃபிஜியில் வீடு எரியும்போதும் வருகிற பதில் அது. அடுத்ததாக, போன வருஷம் புகார் கொடுத்த பெண்களைக் கூப்பிட்டாள். சிலருக்கு எண் மாறியிருந்தது. சிலரிடம் புருஷன்தான் எடுத்தான். பேசியவர்கள் எல்லோரும் நலம் என்றார்கள்.

ஆறாவதாக கெலெராவைக் கூப்பிட்டாள். ஹோட்டலில் படுக்கை விரிக்கும் வேலை பார்த்தவள், இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள். வசிதியின் அம்மா பிறந்த ஊர்க்காரி. புருஷன் சிரேலி ஹோட்டல் மதுக்கூடத்தில் பாடிக்கொண்டே ஊற்றிக் கொடுத்தவன், ஊருக்கெல்லாம் செல்லப்பிள்ளை. போன வருஷம் ஒரு தடவை கெலெரா அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். புருஷனை எச்சரித்து எழுதி வாங்கினார்கள். அதோடு சரியாகப் போய்விட்டதாகத்தான் தெரிந்தது.

வீட்டில் எப்படி, ஏதாவது பிரச்சினையா என்று வசிதி கேட்டாள்.

"செங்கா நா லெங்கா, மராமா," என்றாள் கெலெரா. நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

வசிதி அந்தப் பக்கம் ஒலி நின்ற பிறகும் கருவியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ உறுத்தியது. என்ன என்று பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று. கெலெரா அவளை ஆயுசில் மராமா என்று கூப்பிட்டதில்லை. மராமா என்பது டாக்டரம்மாவுக்கும் பாதிரியார் மனைவிக்கும் உரிய சொல். வசிதி அவளுக்கு வசி அக்கா. இன்னொன்று, நந்த்ரோங்காக்காரர்கள் தங்களுக்குள் 'இல்லை' என்பதற்கு 'ஹிகாய்' என்பார்கள். 'செங்கா' என்பது சர்ச் பாஷை, ரேடியோ பாஷை, அரசாங்கத்தின் முன்னால் கைகட்டி நிற்கும்போது பேசுகிற பாஷை. ஒரே மண்ணில் பிறந்தவளிடம் ஒருத்தி செங்கா என்று சொன்னால், அவள் உன்னோடு பேசவில்லை. பக்கத்தில் நிற்பவனுக்காகப் பேசுகிறாள்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வசிதி கிளம்பினாள். கிளம்பிய விதத்தில்தான் தப்புச் செய்தாள்.

நிலையத்து வண்டியில், சீருடையில், முறைப்படி போனாள். ஒரு கிராமத்துக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஊர்த்தலைவர் வீட்டில் ஒரு கட்டு யங்கோனா வேரை வைத்து உத்தரவு கேட்க வேண்டும். போலீஸ் என்றாலும் அதுதான் மரியாதை. வசிதிக்கு அது அம்மா ஊரும்கூட. வேரை வைத்தாள். நோய்க்காலம் என்று ஆளாளுக்குத் தனிச் சிரட்டையில் கரைத்துக் கொடுத்தார்கள். கைதட்டிக் குடித்தாள். ஊர்த்தலைவர், என்ன விஷயமாக வந்தாய் மகளே என்று அன்பாகக் கேட்டார். கெலெராவைப் பார்க்க என்றாள். அவர் சிரேலியின் தாய்மாமா.

அரை மணியில் கெலெரா தலைவர் வீட்டுக்கே அழைத்து வரப்பட்டாள். கூடவே சிரேலி, மாமியார், நாத்தனார்கள். அந்தப் புழுக்கத்தில் கெலெரா முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். சிரேலி வசிதியிடம் பாலத்துச் சோதனை எப்படிப் போகிறது என்று விசாரித்தான், ஒரு நகைச்சுவை சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். கெலெராவும் சிரித்தாள். செங்கா நா லெங்கா என்று இன்னொரு தடவையும் சொன்னாள்.

திரும்பும் வழியில் வசிதி வண்டியை ஆற்றோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மரியாதை கெடாமல் நடந்ததில், கெலெராவை ஊர் எதிரில் நிற்க வைத்துப் பொய் சொல்ல வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. வீட்டுக்கு வந்து ஈசோவா வைத்த மரவள்ளியையும் டின் மீனையும் தொடாமல் எழுந்தாள். அவன் தட்டை மூடி வைத்தான்.

"நான் ஒரு முட்டாள்," என்றாள்.

"ஹிகாய்," என்றான் அவன். "அவசரக்காரி. அது வேற."

மறுநாள் காலை போன வருஷத்து நீலப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தாள். யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். இத்தனை நாள் பார்க்காத ஒரு கட்டத்தைப் பார்த்தாள்: நாளும் நேரமும். ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தாள். நூற்று நாற்பது புகார். அதில் நூற்றுப் பதினேழு செவ்வாயும் சனியும். எல்லாம் காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்.

ஜகேந்திரா தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, சீட்டுக் குலுக்கறியா?"

"ஜகா அண்ணே, பள்ளத்தாக்கு பஸ் சந்தைக்கு எத்தன மணிக்கு வரும்?"

"எட்டு நாப்பது. இப்பத்தான் இல்லியே."

"திரும்புறது?"

"பன்னெண்டே கால்." சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "அடப்பாவமே," என்றார்.

கத்திரிக்காய் மூட்டையோடு பெண்கள் சந்தைக்கு வருவார்கள். மூட்டையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கழிப்பறைக்குப் போவது போல் சாலையைத் தாண்டி நிலையத்துக்குள் நுழைவார்கள். பன்னிரண்டே காலுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருப்பார்கள். வீட்டில் கேட்டால் சந்தைக்குப் போனேன் என்ற ஒரு பதில் போதும். இத்தனை வருஷமும் தன் மேஜையும் திரையும்தான் அவர்களை வரவழைத்தன என்று வசிதி பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். வரவழைத்தது பஸ். பஸ் நின்றதும் பூஜ்யம் வந்தது.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பசித்தது. இரண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு சார்ஜன்ட் அறைக்குள் போனாள்.

அந்த வாரம்தான் மாவட்ட அலுவலகம் ஒரு உத்தரவு அனுப்பியிருந்தது. சந்தை மூடியிருப்பதால் சாலையோரம் காய்கறி விற்கலாம். ஆனால் போலீஸ் கொடுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். வீட்டுக்கு ஒருவர்தான் வரலாம். ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர். சார்ஜன்ட் சீட்டுகளை ஊர்த்தலைவர்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிட நினைத்திருந்தார். வசிதி வேண்டாம் என்றாள். விற்கிறவர் நேரில் வந்து வாங்கட்டும். பள்ளத்தாக்கில் விற்பது யார்? பெண்கள்தானே? பஸ் இல்லை, ஆகவே நிலையம் அவர்களிடம் போகட்டும். பள்ளத்தாக்குச் சாலை பிரியும் இடத்தில் பஸ் நிழற்குடை சும்மாதான் கிடக்கிறது. செவ்வாயும் வியாழனும் சனியும் அங்கே மேஜை போடுகிறேன்.

"காய்கறிச் சீட்டுக்கு எதுக்கும்மா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார் சார்ஜன்ட். உடனே புரிந்துகொண்டார். அவர் முகத்தில் கவலை வந்தது. "கெலெராவோட ஊர்த்தலைவர் எனக்குச் சொந்தம், வசிதி."

"எனக்கும்தான் ஸார்ஜ்."

ரக்பி மைதானத்துக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பு நாலு மூட்டை வேலையில்லாமல் கிடந்தது. விளையாட்டுத்தான் நின்றுவிட்டதே. ஜகேந்திரா அதைக் கொண்டுபோய் நிழற்குடையின் முன்னால் இரண்டு மீட்டருக்கு ஒரு கோடு போட்டார். அளந்து வெட்டிய மூங்கில் ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டார். யங்கோனாக்காரர்களை நூற்றுக்கணக்கில் பிடித்தவர் என்பதால் பள்ளத்தாக்கில் அந்த ஒல்லி உடம்புக்கு நல்ல பயம் இருந்தது. பின்னறைத் திரை செய்யாததைச் சுண்ணாம்புக்கோடு செய்தது. மேஜையில் பேசுவது யார் காதிலும் விழாது. அருகில் வந்தால் சட்டவிரோதம்.

வசிதி ஒவ்வொருத்தியிடமும் மூன்று கேள்வி கேட்டாள். பேர் என்ன, என்ன விற்கிறாய், எங்கே விற்கிறாய். நாலாவதைக் குரலைத் தாழ்த்தி ஊர்ப்பேச்சில் கேட்டாள்: வீட்டுல பிரச்சினை ஏதாவது? ஹிகாய் அக்கா என்று சொன்னவளுக்கு மாதம் முழுக்கச் செல்லும் சீட்டு. செங்கா என்று சொன்னவளுக்கு இரண்டே நாள் சீட்டு. புதுப்பிக்க நேரில் வர வேண்டும். இதை அவள் யாருக்கும் விளக்கவில்லை. முதல் நாள் இரண்டு பேர் செங்கா என்றார்கள். மூன்றாம் நாள், வரிசையில் நிற்கும்போதே நாலைந்து பெண்கள் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் பஸ் நின்றாலும் பேச்சு நிற்பதில்லை.

இரண்டாம் செவ்வாய்க்கிழமை கெலெரா வந்தாள். அதே முழுக்கைச் சட்டை. சிரேலியும் கூட வந்திருந்தான், தோளில் கத்திரிக்காய் மூட்டையோடு, நல்ல கணவனாக. மேஜைப் பக்கம் நடந்தவனை மூங்கில் மறித்தது.

"ரெண்டு மீட்டர், தம்பி. வீட்டுக்கு ஒருத்தர்."

"பொண்டாட்டிக்கும் எனக்கும் நடுவுல ரெண்டு மீட்டரா? ராத்திரி என்ன பண்றது அண்ணே?" என்றான் சிரேலி. வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

"அத வீட்டுல போய் அளந்துக்க. இங்க நான் அளக்குறேன். அந்தக் கோட்டுக்குப் போ. இல்ல, அதுக்கும் அடுத்த கோடு."

வசிதி கெலெராவின் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே கேட்டாள். பேர். கத்திரிக்காய், பப்பாளி. பாலத்துக்குப் பக்கத்தில். பிறகு நாலாவது கேள்வி.

கெலெரா அவளை நேராகப் பார்த்தாள். "செங்கா," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவை, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக: "செங்கா, வசி அக்கா."

வசிதியின் பேனா நின்றது. "அன்னிக்கு நான் வந்தது தப்பு."

"ஆமா," என்றாள் கெலெரா. "பெரிய தப்பு."

"இப்பவே வண்டியில ஏறுறியா? இங்கயே எழுதிக்கறேன்."

"பிள்ளைங்க வீட்டுல இருக்கு. வியாழக்கிழமை வரேன். சீட்டுப் புதுப்பிக்கணும்னு சொல்லுவேன். மூட்டை தூக்க ரெண்டையும் கூட்டிட்டு வருவேன். அன்னிக்குத் திரும்பிப் போகல."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அவரு பாடிட்டுத்தான் இருப்பாரு. காய் வித்த காசு வரப்போகுதுல்ல."

தூரத்திலிருந்து சிரேலி, ஒரு சீட்டுக்கு எவ்வளவு நேரம் என்று குரல் கொடுத்தான். பப்பாளிக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்று வசிதி திருப்பிக் கத்தினாள். இந்தத் தடவை அவனும் சிரித்தான்.

வியாழக்கிழமை வரை வசிதி நகத்தைக் கடித்தாள் என்று சொன்னால் அது பொய். அவள் காரியம் பார்த்தாள். மலைப்பக்கத்து ஊரில் இருக்கும் கெலெராவின் அக்காளிடம் பேசி அறை ஒழித்து வைக்கச் சொன்னாள். தடை உத்தரவுக்கான மனுவைப் பேர் மட்டும் விட்டு முழுக்க எழுதி வைத்தாள். வியாழன் காலை கெலெரா இரண்டு பிள்ளைகளோடும் இரண்டு மூட்டையோடும் வந்தாள். ஒரு மூட்டையில்தான் கத்திரிக்காய் இருந்தது. இன்னொன்றில் துணியும் பள்ளிக்கூடப் புத்தகமும். நிழற்குடையிலேயே அவள் புகார் நீலப் பதிவேட்டில் ஏறியது. சட்டைக் கையை மடித்துக் காட்டியபோது ஜகேந்திரா மூங்கிலோடு திரும்பிச் சாலையைப் பார்த்து நின்றுகொண்டார்.

மறுநாள் பெரியவர்கள் வந்தார்கள். ஊர்த்தலைவர் முன்னால், பாயில் சுற்றிய தம்புவா கையில். சார்ஜன்ட் அமினியாசி எழுந்து நின்றார். வசிதி நீலப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்த மனிதர் ஆயுசில் ஒரு தம்புவாவையும் மறுத்தவர் இல்லை. தலைவர் தரையில் உட்கார்ந்து, பல்லை நீட்டி, வம்சங்களின் பேரெல்லாம் சொல்லி, நடந்ததை மண்ணில் புதைத்துவிடும்படி கேட்டார்.

சார்ஜன்ட் இரு கையாலும் வாங்கினார். முகர்ந்து, நெஞ்சில் அணைத்துக்கொண்டார். வசிதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இத நான் ஏத்துக்கறேன்," என்றார் அவர். "உங்க வீட்டுக்கும் அந்தப் பொண்ணு வீட்டுக்கும் நடுவுல மனஸ்தாபம் வேண்டாம், இத அவங்ககிட்ட நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன். ஆனா மாமா, புதைக்கறது மனசுல இருக்கறத. புத்தகத்துல எழுதுனதப் புதைக்க முடியாது. அது அரசாங்கத்தோடது. அதுக்கு எந்தப் பல்லும் பத்தாது."

தலைவர் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். பிறகு தேநீர் கேட்டார். குடித்துவிட்டுத்தான் போனார். சிரேலி நீதிமன்றத்துக்குப் போனான், தடை உத்தரவு வந்தது. அன்று சாயங்காலம் கூரை ஒழுகிய இடத்தில் சார்ஜன்ட் தானே வாளி வைத்தார். வசிதி அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவருக்கு அது பிடித்திருந்தது.

ஜூன் முப்பதாம் தேதி கூட்டினாள். இருபத்து மூன்று. மாவட்டத்திலேயே பெரிய எண்.

சூப்பரின்டென்டன்ட் எட்டு மணிக்கே கூப்பிட்டார். அவர் கத்தியது வாசல்வரை கேட்டது. போன மாதம் பூஜ்யம், இந்த மாதம் இருபத்து மூன்று, அங்கே என்ன போரா நடக்கிறது? எட்டு நிலையங்களில் உங்கள் நிலையம்தான் கடைசி. மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது? சார்ஜன்ட் தொலைபேசியை வசிதியிடம் கொடுத்தார். இந்தத் தடவை வாசலைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே கொடுத்தார்.

அவள் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். நூற்று நாற்பதையும் நூற்றுப் பதினேழையும் சொன்னாள். எட்டு நாற்பதையும் பன்னிரண்டே காலையும் சொன்னாள்.

"குத்தம் கூடல ஐயா. பஸ்ஸுக்குப் பதிலா என் மேஜை போயிருக்கு, அவ்ளோதான்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"மத்த ஏழு ஸ்டேஷன்லயும் மே மாசம் என்ன நம்பர்னு பாருங்க. அந்த ஊர்லயும் எந்த நாள் சந்தை, எத்தன மணிக்கு பஸ்னு கேட்டுப் பாருங்க. நான் சொல்றது தப்புன்னா நாளைக்கே பாலத்துல நிக்கறேன்."

யோசிக்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். ஜூலை ஒன்று வந்தது. பாலத்துக்குப் போகும் உத்தரவு வரவில்லை. இரண்டாம் தேதியும் வரவில்லை. முகக்கவசப் பெட்டிகள் லாரியில் வந்தன. சார்ஜன்ட் அவற்றைத் தன் அறையிலேயே அடுக்கச் சொன்னார். கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாமா என்றாள் வசிதி.

"கேக்காத," என்றார். "கேட்டா ஞாபகம் வந்துரும்."

மாத நடுவில் மாவட்டத்திலிருந்து ஒரு வரைபடம் வந்தது. எட்டு நிலையங்களுக்கு எட்டுக் கம்பம். வைராலாவின் கம்பம் மட்டும் தென்னைபோல் ஓங்கி நின்றது. மற்ற ஏழும் தரையோடு தரையாக. ஜகேந்திரா அதை மேஜைக்கு நேராகச் சுவரில் ஒட்டினார். தாளின் கீழே ஒரு குறிப்பு: காய்கறிச் சீட்டுக்கான மேஜையை எல்லா நிலையங்களும் பரிசீலிக்கவும். யார் யோசனை என்று போடவில்லை. அவள் பேர் போடாததில் அவளுக்குக் கொஞ்சம் கோபம்தான். ஈசோவாவிடம் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் மலைப்பக்கத்து ஊர்த்தலைவர் ஒருவர் வசிதி வாராவாரம் போடும் அழைப்பில் வந்தார். செங்கா நா லெங்கா என்றார் வழக்கம்போல.

"ரொம்ப சந்தோஷம் தாத்தா," என்றாள் வசிதி. "போன உங்க பக்கத்து வீட்டுல குடுங்க. அங்க புதுசா ஒருத்தி வந்திருக்காளே, கெலெரா, அவகிட்ட."

நாய் குரைத்தது, கதவு தட்டும் சத்தம் கேட்டது, ஒரு பிள்ளை ஓடியது. பிறகு மூச்சிரைக்க அவள் குரல் வந்தது. வசிதி அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஹிகாய், வசி அக்கா," என்றாள் கெலெரா. "ஹிகாய். அடுப்புல கீரை இருக்கு, தீஞ்சிரும், வைக்கட்டுமா?"

வைத்துவிட்டாள். வசிதி அந்த ஊரின் பக்கத்தைப் புரட்டி, அந்த வாரத்துக் கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டாள். அந்த வருஷம் அவள் நம்பிப் போட்ட முதல் பூஜ்யம் அது. கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.